"உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ"

நேர்முகப் பரீட்சை மாசி மாதத்து ஒரு புதன்கிழமை. தம்பி இன்றுவரை வியாழன் என்றுதான் சொல்கிறான். முதல்நாள் அந்தோனியாருக்குரிய செவ்வாய் என்பதால் அம்மா அவர் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தியது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே புதன்தான்.

காங்கேசன்துறைக் கப்பல் முனையத்தில் பயணிகள் உதவி மேசைக்கு ஆள் எடுத்தார்கள். எனது பழைய வேலை மார்கழியோடு முடிந்திருந்தது. இது கிடைக்காவிட்டால் அம்மாவைத் தனியே விட்டுக் கொழும்புக்குப் போகவேண்டும்.

தம்பிதான் பயிற்சி தந்தான். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, தொண்டையைச் செருமி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றான்.

"அப்பா கொழும்புத்துறை, வள்ளத்து இஞ்சின் திருத்திறவர். அம்மா காங்கேசன்துறை. அம்மப்பா சீமெந்துத் தொழிற்சாலையிலை..."

"அக்கா, நீ கலியாணம் பேசவே போறாய்?"

"என்னைப் பற்றித்தானே கேட்டனீ?"

"உன்னைப் பற்றித்தான் கேட்டனான். அம்மப்பாவைப் பற்றி இல்லை. ஊர், உறவு ஒண்டும் வாயிலை வரக்கூடாது."

எனக்கு அது விளங்கவேயில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் எவரும் என்னிடம் முதலில் கேட்டது "ஆற்றை பிள்ளை?", யாருடைய பிள்ளை, என்றுதான். சிலர் அன்பாய்க் கேட்டார்கள், சிலர் எடைபோடக் கேட்டார்கள். அவற்றை எல்லாம் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் "நான்" யார்? இரண்டு கிழமை அதையே யோசித்தேன். கடைசியில் படிப்பு, கணினி, மூன்று மொழி என்று ஒரு பதிலைப் பாடமாக்கினேன்.

பரீட்சையில் இரண்டு பேர் இருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஐயா ஒருவர், மூக்குக்கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். பாடமாக்கியதை ஒப்புவித்தேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஐயா கேட்டார்: "காத்து மோசம், கப்பல் வெளிக்கிடாது. ஒரு பயணி உங்களோட சண்டை பிடிக்கிறார். என்ன செய்வீங்க?"

மன்னிப்புக் கேட்பேன் என்று தொடங்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"முதல்லை எந்த ஊர், ஆர் வீட்டை போறியள் எண்டு கேப்பன்."

"ஊர் எதுக்கு?"

"அந்தப் பக்கம் ஆரோ இவரைப் பாத்துக்கொண்டு நிக்கினம், ஐயா. அவையை நினைச்சுத்தான் பாதிக் கோபம். ஆர் எண்டு தெரிஞ்சால் அவைக்கு முதல் போன் எடுத்துக் குடுக்கலாம். பிறகு நாங்கள் சொல்லுறது காதிலை ஏறும்."

மூக்குக்கண்ணாடி அம்மா பேனையை வைத்தார். "பிள்ளை, நீங்கள் ஆற்றை மகள்?"

தம்பியின் தடை நினைவுக்கு வந்தது. "அதைச் சொல்லலாமோ, அம்மா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சொன்னேன், அம்மப்பா வரைக்கும். அந்த அம்மாவின் கேள்வி அன்பா, எடையா என்று முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த திங்கள் காலை தொலைபேசி வந்தது. மாதம் பிறக்க வேலைக்கு வரட்டாம். அம்மா அழுதுகொண்டே தேத்தண்ணி போட்டார். தம்பி மட்டும் விடவில்லை.

"அப்பிடி என்னதான் கேட்டவை?"

"ஆற்றை பிள்ளை எண்டு."

தம்பி தொண்டையைச் செருமினான்.

"அப்ப மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடிச்சுப்போச்சு."