பத்துக்காரரும் பூஜ்யத் துளையும்

தச்சுப் பட்டறையில் அவரைப் பத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அளவு நாடாவின் நுனி ஒடிந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. புதுசு வாங்க மனசு வராமல், பத்தாவது சென்டிமீட்டர் கோட்டை மரத்தின் ஓரத்தில் வைத்து அளப்பார். வந்த அளவில் பத்தைக் கழித்துக்கொள்வார். ஒரு தடவை கணக்குத் தவறி, மாமியார் வீட்டுக் கதவு அடியில் குட்டையாகிவிட்டது. பூனைக்குத்தான் வசதி. அந்த வீட்டார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

பெண்சாதியின் தம்பி கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவன். முதலாளி துளை போடும் மெஷின் வாங்கியபோது, அதை ஓட்டும் புரோகிராமுக்கு அவனைச் சொன்னதே பத்துக்காரர்தான். அவன் தனியாக ஏற்றுக்கொண்ட முதல் வேலை அது.

பள்ளிக்கூடத்துக்குப் புத்தக அலமாரி. பலகைக்கு எட்டுத் துளை, ஒரே இடைவெளியில். பத்துக்காரர் இருபது பலகையை மெஷினில் ஏற்றி, ஒன்று முதல் எட்டு வரை துளை எண்ணைத் தட்டிவிட்டுப் பசை காய்ச்சப் போனார். திரும்பி வந்தால், இருபது பலகையிலும் முதல் துளையைக் காணோம். எட்டாவது துளை பலகையைத் தாண்டி மேஜையில் விழுந்திருந்தது.

முதலாளி கேட்டதும், புரோகிராம் சரியில்லை என்று கைகாட்டிவிட்டார். மெஷினை இன்றைக்குச் சாயங்காலமே திருப்பி அனுப்பிவிடுகிறேன், உன் மச்சினன் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

விஷயம் கேள்விப்பட்டு மத்தியானம் மச்சினன் ஓடிவந்தான். திரையைப் பார்த்தான்.

"ஒண்ணுன்னு ஆரம்பிச்சீங்களா மாமா? முதல் துளை பூஜ்யம்."

"இல்லாத ஒண்ணுல எப்படிடா துளை போடுறது?"

"எத்தனாவது துளைன்னு மெஷினுக்குக் கவலையில்ல. ஆரம்பக் கோட்டுல இருந்து எத்தனை தடவை நகரணும், அதான் கணக்கு. முதல் துளைக்கு நகரவே வேண்டாம். புரோகிராம்ல நாங்க வரிசையை எண்ணுறதே அப்படித்தான்."

"ஒண்ணுன்னே வச்சா குடி முழுகிடுமா?"

"வைக்கலாம், சில பேர் வைக்கிறாங்க. அப்ப ஒவ்வொரு துளைக்கும் ஒண்ணைக் கழிச்சிட்டுத்தான் நகரணும்."

கழிப்பது என்றதும் பத்துக்காரருக்குப் புரிந்துவிட்டது. காலமெல்லாம் கழித்தே ஓய்ந்தவருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மெஷினுக்குமேல் ஆணியில் அவர் சட்டை தொங்கியது. முகம் துடைக்க எடுத்தார். சட்டைக்குப் பின்னால் ஒரு காகிதம்: 'துளை எண் 0 முதல் 7 வரை' என்று மச்சினன் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான். அவன் சட்டையை வாங்கி வேறு ஆணியில் மாட்டினான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

நேரே முதலாளியிடம் போனார்.

"புரோகிராம்ல தப்பில்லைங்க. ஒட்டியிருந்ததை நான்தான் படிக்கல. அவனை வரவேண்டாம்னு சொல்லிடாதீங்க."

பலகைக்கு என்ன வழி என்று கேட்டார் முதலாளி. மற்ற ஏழு துளையும் அதனதன் இடத்தில்தான் இருக்கிறது, விட்டுப்போன ஒன்றைக் கையாலேயே போட்டுவிடுகிறேன் என்றார் பத்துக்காரர். முதலாளி ஒரு பலகையை எடுத்துத் துளைகளை அளந்து பார்த்தார். அப்புறம், மெஷினை எடுக்க வரவிருந்த வண்டிக்காரனைப் போனில் கூப்பிட்டு, வரவேண்டாம் என்றார்.

மச்சினன் பலகையைப் பிடிக்க, அவர் கைத்துளைக் கருவியைச் சுற்றினார். பொழுது சாய்வதற்குள் இருபதும் முடிந்தது.