பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னேன்

குற்றாலம் மெயின் அருவியில் சீசன் நாட்களில் காணாமல் போனவர்களின் பெயரை மைக்கில் சொல்வது என் வேலை. பதினான்கு சீசன் பார்த்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒரு தவறை மட்டும் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் சாரல் நின்று வெயில் அடித்தது. அறிவிப்பு அறைமுன் ஒருவரும் இல்லை. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா ஈரச் சேலையோடு வந்தார். பக்கத்துச் சுரண்டை ஊர்க்காரர்.

"யம்மா, எங்க வீட்டுக்காரரக் காணும். கால் மணி நேரமா தேடுதேன். ஒரு தடவ மைக்குல சொல்லும்மா."

"சின்னப் பிள்ளையா அவரு? வந்துருவாரு."

"ஒரு நாளும் என்னை விட்டுட்டு இப்படிப் போனவரு இல்லம்மா."

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று எரிச்சல் வந்தது. "பத்து நிமிஷம் பொறுங்க. அதுக்கும் வரலன்னா சொல்லுதேன்" என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிஷம் முடியுமுன் ஒரு போலீஸ்காரர் ஓடி வந்தார். வேன் நிறுத்துமிடத்தில் ஒரு பெரியவர் மயங்கிக் கிடக்கிறாராம். சுகர் இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸில் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மா செருப்பைக்கூட எடுக்காமல் கூடவே ஏறினார்.

"ஏன் உடனே சொல்லல?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"கூட்டமா இருந்துது சார்."

அவர் நம்பிவிட்டார். என்னால் முடியவில்லை.

எங்கள் ரிஜிஸ்டரில் தேடுகிறவர் வந்த நேரம், மைக்கில் சொன்ன நேரம் இரண்டையும் எழுத வேண்டும். அன்று வேலை முடிந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டினேன். பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கு அதே நிமிஷம் சொல்லியிருந்தேன். நண்பர்களைத் தேடி வந்தவர்களுக்கும் அப்படியே. புருஷனைத் தேடிய பெண்கள், பெண்டாட்டியைத் தேடிய ஆண்கள் என்று வந்த இடங்களில் மட்டும் எட்டு நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம். எல்லாம் என் கையெழுத்து. என் அம்மா இறந்ததிலிருந்து இரண்டு வருஷமாக நான் மேலகரம் வீட்டில் தனியாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. தாமதமெல்லாம் அந்த இரண்டு வருஷத்துப் பக்கங்களில்தான் இருந்தது. நான் வீடு திரும்பாவிட்டால் தேடுவதற்கு ஒருவரும் இல்லை. அதுவரை அதைக் கண்டிப்பு என்றும் வேலைச் சலிப்பு என்றும் நினைத்திருந்தேன். அது பொறாமை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியவர் கண் விழித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னைக் கண்டதும், "பிழைச்சுக்கிட்டாருல்லா. கூட்ட நாள்ல உனக்கும் எத்தனையோ சோலி, நீயும் என்ன செய்வ" என்றார்.

"கூட்டமும் இல்ல, சோலியும் இல்லம்மா. நீங்க அவரத் தேடுனது எனக்குப் பொறுக்கல."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "உனக்கு வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

ஆறுதல் சொல்வார் என்று மனம் எதிர்பார்த்தது. அவர் புருஷனின் வாயைத் துண்டால் துடைத்தார். "அதுக்கு அவரு என்ன செய்வாரும்மா? நீ போ" என்றார்.

பஸ் ஸ்டாண்டுவரை நடந்தே வந்தேன். சூப்பர்வைசரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அந்தச் சீசன் முடியும்வரை என்னை டோக்கன் கவுன்டரில் போட்டார்கள்.

அடுத்த வருஷம் மறுபடி மைக் கிடைத்தது. முதல் வாரத்திலேயே ஒரு பெண் புருஷனைத் தேடி வந்தாள். அதே எரிச்சல் அதே இடத்தில் வந்தது. போய்விடும் என்று நினைத்திருந்தேன்; போகவில்லை. ஆனால் இப்போது அதன் பெயர் எனக்குத் தெரியும். பெயரைக் கேட்டு உடனே அறிவித்தேன். புருஷன் வந்து அவளைக் கூட்டிப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

வேலையிடத்தில் ஒருவர்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தால், முதலில் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். அது யார்மேல் வந்த கோபம் என்று அப்புறம் தனியாக உட்கார்ந்து பாருங்கள். தனியாக இருப்பவர்களுக்கு அதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.