யார் வேண்டுமானாலும் மிஷினை நிறுத்தலாம்

முதலாளியின் மனசில் உதிக்கும் திட்டத்தைத் தொழிலாளியின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் உத்தியோகம்; போகும்போது ஒரு பக்கம் திட்டு விழும், திரும்பும்போது மறு பக்கம். தலைமைக் குமாஸ்தாவாகவோ, கூட்டுக் குடும்பத்தில் நடு மருமகளாகவோ காலம் தள்ளியவர்களுக்கு இந்த அவஸ்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், லாரிக் கதவுக்குக் கீல் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் நான் நிர்வாக அதிகாரி. மெட்ராஸிலிருந்த ஒரு லாரி கம்பெனிதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. கீலில் விரிசல் என்று இரண்டு தடவை சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை திரும்பினால் ஆர்டர் கிடையாது என்று சொல்லியும் விட்டார்கள். ஆர்டர் போனால் கேட்டைப் பூட்ட வேண்டியதுதான். முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார்: எத்தனை செய்தோம் என்ற பேச்சு இனி வேண்டாம், நல்ல கீல் மட்டும் வெளியே போகட்டும்.

கேன்டீன் பிரசங்கம்

அதை எல்லாருக்கும் எடுத்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "தரமே நமது தாரக மந்திரம்" என்று ஆரம்பித்து, கேன்டீனில் அரை மணி நேரம் செந்தமிழில் முழங்கினேன். பலத்த கைதட்டல். பெருமையோடு டீ குடிக்க உட்கார்ந்தேன்.

பென்னலூர் முனுசாமி தம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார். தகட்டை வளைக்கும் பிரஸ் மிஷினை ஓட்டுகிறவர். முகத்தில் கேலியே இல்லை, நிஜமான அக்கறை.

"சோக்கா பேசினீங்க சார். இப்போ நாங்க இன்னா பண்ணணும்? அத்தச் சொல்லுங்க, பண்ணிடுறோம்."

ஒரே வரி

முதலாளியிடம் போய் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொண்டுவந்த சாப்பாடு ஆறிப்போகும் வரை இருவரும் உட்கார்ந்து, என் அரை மணி நேரப் பேச்சை ஒரே வரியாக்கினோம்: சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் மிஷினை நிறுத்தலாம்.

மிஷின் மிஷினாகப் போய் அதைச் சொன்னேன். சூப்பர்வைசர் கோவிந்தசாமிக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. நல்ல மனுஷர். ஆனால் தினசரி உற்பத்திதான் அவருக்கு மானம், மரியாதை எல்லாம்.

"எல்லாரும் நிறுத்தலாம்னா, ஓட்றதுக்கு யாரு சார் கீறாங்க?"

நிறுத்தாத நாட்கள்

அவர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. வாரக்கணக்கில் ஒருத்தர்கூட நிறுத்தவில்லை. நீங்களாக இருந்தால் நிறுத்தியிருப்பீர்களா? ஏன் யாரும் நிறுத்தவில்லை என்று முனுசாமியைத் தனியாகக் கேட்டேன்.

"நிறுத்தலாம்னு சொன்னீங்க. நிறுத்தினவன் கதி இன்னா ஆவும்னு யாரும் சொல்லலியே சார்."

எஸ்தர் போட்ட சத்தம்

பிள்ளைப்பாக்கம் எஸ்தர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புருஷன் இல்லை, இரண்டு குழந்தைகள். முனுசாமியின் மிஷினிலிருந்து விழும் கீல்களை எடுத்து அடுக்குவது அவள் வேலை. ஒரு மத்தியானம் வாசலில் லாரி காத்திருக்கும்போது, "நிறுத்துண்ணா!" என்று கத்திவிட்டாள். மிஷின் நின்றது. கோவிந்தசாமி ஓடி வந்தார், பின்னாலேயே நானும்.

அவள் கையிலிருந்த கீலில் கறுப்பாக ஒரு கோடு. கோவிந்தசாமி துணியால் துடைத்தார். கோடு போய்விட்டது. வெறும் கிரீஸ். இருந்தாலும் தட்டிலிருந்த அத்தனையையும் பார்த்தோம், ஒன்றிலும் குறையில்லை. லாரி தாமதமாகத்தான் புறப்பட்டது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே எஸ்தர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "நான் போறேன் சார்" என்றாள்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். பிறகு எல்லார் காதிலும் விழும்படி, "நல்ல காரியம் பண்ணினேம்மா. பையை வச்சிட்டு வேலையைப் பாரு" என்றார். கோவிந்தசாமியால் பொறுக்க முடியவில்லை. "வெறும் கிரீஸுங்க அது!" என்றார்.

"சந்தேகம் வந்தா நிறுத்துன்னுதானே சொன்னோம் கோவிந்தசாமி? சந்தேகம் சரியா இருந்தா மட்டும் நிறுத்துன்னு சொல்லலையே" என்றார் முதலாளி.

ஒரு பல்பு

மறுநாள் காலையிலேயே முனுசாமி தன் மிஷினை நிறுத்தினார். இந்தத் தடவை நிஜ விரிசல். அப்புறம் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. உற்பத்தி சரிந்தது; கோவிந்தசாமிக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழைய நிலைக்கு வந்தோம். ஆனால் போன சரக்கு எதுவும் திரும்பி வரவில்லை, ஆர்டரும் நிலைத்தது.

உற்பத்தி சரிந்துகிடந்த நாட்களிலேயே ஒரு நாள், கோவிந்தசாமி எலெக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிவந்து, எஸ்தர் உட்காருமிடத்துக்கு மேலே புதிதாக ஒரு பல்பு போட வைத்தார். அவள் புரியாமல் பார்த்தாள். அவர் பல்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இருட்டுல எதுவும் விரிசலாத்தான் தெரியும். தொடைக்கிற வரைக்கும் எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது, தங்கச்சி."

திட்டம் போட ஒரு மத்தியானம் போதும். அது நிஜம்தான் என்று நாலு பேர் நம்ப, தப்பாக நிறுத்திய ஒருத்தி மறுநாளும் வேலைக்கு வர வேண்டியிருக்கிறது.