சொல்லிட்டு வருது

மணப்பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டதும் எழிலரசி முதலில் கேட்பது இதைத்தான்: "பாத்ரூம் போய்ட்டு வந்துட்டியாம்மா?" பெண் வெட்கத்தோடு தலையாட்டினாலும் விடமாட்டாள். "இன்னொரு வாட்டி போய்ட்டு வந்துடு. பட்டுப்புடவை கட்டிட்டா அப்பறம் நீ செலைதான். நவுர முடியாது." கூட வந்திருக்கும் அத்தைகளும் சித்திகளும் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். பெண் போய்விட்டு வரும்வரை மேக்கப் பெட்டியைக்கூடத் திறக்காமல் நின்றுகொண்டிருப்பாள்.

நாற்பத்தேழு வயது. குள்ளமான உருவம், கை மட்டும் ஓயாது. ஊக்குகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். போனில் அழகாக்கி எடுத்த படத்தை யாராவது நீட்டினால், "இந்த மூஞ்சி எனக்கு வேணாம், கழுவுன மூஞ்சியக் காட்டு" என்பாள். ஜிகினாத் தூள் அவளுக்கு ஆகாது. "கம்மியா போட்டா பொண்ணு தெரியும். ஜாஸ்தியா போட்டா பவுடர்தான் தெரியும்." திருவண்ணாமலையில் முகூர்த்த நாளென்றால் மண்டபத்துக்கு மண்டபம் ஆட்டோவில் பறந்துகொண்டிருப்பாள். ஆனால் இதெல்லாம் போன வருஷத்திலிருந்துதான். அதற்கு முன் இருபது வருஷத்துக்கும் மேலாக அவள் எந்தக் கல்யாண மண்டபத்திலும் கால் வைத்ததில்லை.

மகள் கவியா பிறந்தபோது வந்த வினை அது. பெரிய குழந்தை, தலை இறங்கவில்லை, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். கிழிந்த இடம் ஆறிவிட்டது. உள்ளே எங்கோ நரம்பு ஆறவில்லை. மலம் வருவது தெரியாது. தெரிந்தால் அடக்க முடியாது. பிள்ளை பெற்ற உடம்பு, போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். செங்கம் ரோட்டு மண்டபமொன்றில் ஒரு பெண்ணுக்கு ஒரு கண்ணில் மை தீட்டி முடித்து, அடுத்த கண்ணுக்குக் குனிந்தபோது அது நடந்தது. மேசை விரிப்பை உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டு, சமையல்கட்டு வழியாக வெளியே ஓடினாள். பெட்டி அங்கேயே கிடந்தது.

மறுநாள் பெண்ணின் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள். "ஒத்தக் கண்ணு மையோட எம் பொண்ணு அழுதுகினு இருந்தா. உனக்கு இன்னாடி அவ்ளோ அவசரம்?" எழிலரசி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பாதியில் போட்டுவிட்டுப் போகிறவள் என்று பெயர் பரவியது. உண்மையைவிட அந்தப் பெயரே மேல் என்று இருந்துவிட்டாள்.

கணவர் ராமகிருஷ்ணன் தேர் மாதிரி. எளிதில் நகரமாட்டார், வாயும் திறக்கமாட்டார். எலக்ட்ரீஷியன். வேங்கிக்காலில் வீடு கட்டியபோது, அவள் வீட்டிலேயே தொழில் செய்ய முன்னறையைப் பார்லருக்கு ஒதுக்கினார்கள். ஒருநாள் அவள் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், அந்த அறையின் பக்கவாட்டுச் சுவரை இடித்து, கொத்தனார் சின்னதாக ஒரு கழிப்பறைக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார். "இது எதுக்குங்க, பின்னாடி ஒண்ணு கீதே?" என்று கேட்டாள். "வர்ற லேடீஸுக்கு வசதியா இருக்கும்" என்றார் ராமகிருஷ்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கதவின் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகினாலும் எண்ணெய் விட்டு வைப்பார்.

கவியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சண்டை வெடித்தது. "எனக்கு நீதாம்மா மேக்கப்" என்றாள் கவியா. "வேற ஆள வெச்சிக்கோ. தாலி கட்டறப்போ வந்து ஓரமா நிக்கறேன்" என்றாள் எழிலரசி. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் வீட்டுக்கு வரவைத்து அழகு பார்க்கிறவள் பெற்ற மகளுக்கு வரமாட்டேன் என்கிறாளே என்று கவியா அழுதாள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு வராதது, பட்டமளிப்புக்கு வராதது எல்லாவற்றையும் அடுக்கினாள். "என்மேல உனக்கு இன்னாம்மா கோவம்?"

அப்போதுதான் எழிலரசி சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும்.

கவியா கேட்டாள், "என்னாலயாம்மா?"

"சீ, நீ வந்தது என் நல்ல காலம்டீ. வந்த வழிலதான் கோளாறு."

மகள்தான் விசாரித்துச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். முதலில் பயிற்சியும் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள், கொஞ்சம்தான் கேட்டது. பிறகு டாக்டரம்மா வேறொரு வழி சொன்னார். முதுகெலும்பு முடியும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புக்கு ஒரு கருவி வழியாக மெல்லிய மின்துடிப்பு கொடுப்பது. "கரண்டா? நான் இன்னா மிக்ஸியா?" என்று எழுந்துவிட்டாள் எழிலரசி. ராமகிருஷ்ணன்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "எழிலு, லைன் இருக்குது. சப்ளைதான் வீக்கு. அவ்ளோதான் சொல்றாங்க." டாக்டரம்மா சிரித்து, ஏறக்குறைய அதுதான் என்றார்.

முதலில் கம்பியை மட்டும் உள்ளே வைத்து, துடிப்பு தரும் பெட்டியை வெளியே இடுப்பில் கட்டி, பலன் இருக்கிறதா பார்க்க வீட்டுக்கு அனுப்பினார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. ஒரு காலை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். வரப்போகிறது என்று தெரிந்தது. அடுப்பை அணைத்தாள், நடந்தே போனாள், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். உள்ளேயிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டு ராமகிருஷ்ணன் பதறிக் கதவைத் தட்டினார். "இன்னா ஆச்சு எழிலு?" "ஒண்ணும் ஆவலைங்க. ஒண்ணுமே ஆவல."

அதன்பிறகே கருவியை இடுப்புக்குக் கீழே, தோலுக்கடியில் நிரந்தரமாக வைத்தார்கள். முழுக்கக் குணமாகிவிட்டது என்று அவள் சொல்வதில்லை. எப்போதாவது தவறுவதும் உண்டு. "முன்னெல்லாம் சொல்லாம கொள்ளாம வரும். இப்ப சொல்லிட்டு வருது. அது போதும்." கவியாவின் கல்யாணத்தில் பொட்டு வைப்பதிலிருந்து கொசுவம் மடிப்பது வரை அவளே செய்தாள். மகளின் இரண்டாவது கண்ணுக்கும் மை தீட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

சென்ற வாரம் கோயிலுக்குப் போயிருந்தாள். கோபுர வாசலில், மெட்டல் டிடெக்டர் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையைக் காவலுக்கு நின்ற பெண் போலீசிடம் நீட்டினாள்.

"நான் இதுக்குள்ள வரக் கூடாதுங்க மேடம். உடம்புல மெஷின் வெச்சிருக்காங்க."

"ஹார்ட்டுக்கா?"

"இல்லீங்க. கொஞ்சம் கீழ."

"கீழன்னா?" போலீஸ்காரி உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். பின்னால் வரிசை நின்றுவிட்டது. யாரோ "இன்னாம்மா அங்க லேட்டு" என்று குரல் கொடுத்தார்கள். எழிலரசிக்குக் காது சூடாகியது. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இங்கே கதவு இல்லை. ஊக்கில்லாத உதடுகளால் தெளிவாகவே சொன்னாள்:

"எனக்கு மோஷன் அடக்க முடியாதுங்க. பிரசவத்துல நரம்பு போயிடுச்சு. அதுக்குத்தான் மெஷின்."

போலீஸ்காரி அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "நீங்க இந்தப் பக்கம் வாங்கக்கா" என்று கயிற்றைத் தூக்கி வழிவிட்டாள்.

தரிசனம் முடிந்து எழிலரசி பிராகாரத்து மேடையில் வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் பச்சைப் புடவை கட்டிய இளம்பெண் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துகொண்டிருப்பதைக் கவனித்தாள். வாசலில் பின்னால் நின்றவள்தான். மூன்றாவது தடவை கடக்கும்போது அவள் நின்றாள். குழந்தையின் சட்டையைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்துகொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, அது... எந்த ஆஸ்பத்திரில வெச்சாங்க?"

எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.