சித்தியின் ஒன்றாம் நம்பர் சீட்டுகள்

மூழ்கிய நகரங்களைக் கரையேற்றியவர், நாற்பதடி உயர நண்டுகளைத் தனியாளாய்ச் சாய்த்தவர், மூன்று உலகத்திலும் நிகரில்லாத படகோட்டி செந்தாமரை அவர்கள், இந்த நிமிடம் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு மாட்டுக்கொட்டகையில் தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு ஒரு பசுவின் பின்னால் நிற்கிறார்.

"வாலப் புடிங்கண்ணே. மூஞ்சில அடிச்சிச்சின்னா மத்தியானச் சாப்பாடு எனக்கு இங்கயே முடிஞ்சிரும்."

மாட்டுக்காரர் வாலைப் பிடிக்கிறார். செந்தாமரையின் கை முழங்கை தாண்டி உள்ளே போகிறது. முகம் மட்டும் அந்த வேலைக்குச் சம்பந்தமில்லாமல் கூரையைப் பார்க்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது, நாக்கு நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்க்கிறது. ஏன் இப்படி என்று கேட்டால், "கண்ணு எதுக்கு? உள்ள போயிட்டா வெரலுதான் பாக்கும்" என்பார்.

செந்தாமரை என் சித்தி, அம்மாவின் தங்கை. வயது முப்பத்தெட்டு. ஊர் ஊராய்ப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது வேலை. மொபெட்டின் முன்னால் காளை விந்து உறைந்திருக்கும், புகை கக்கும் நைட்ரஜன் கேன், பின்னால் சாணிக் கறை படிந்த பை. டாக்டருக்குப் படிக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் டாக்டரம்மா. வேலை முடிந்ததும் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் தேதி எழுதுவார். "இருபத்தொரு நாள் பாருங்க. மறுபடி கத்துச்சின்னா சினை நிக்கலன்னு அர்த்தம், கூப்புடுங்க. கத்தலேன்னா எனக்கு ஒரு டீ." ஆனால் அந்த டீயை அன்றைக்கே குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டீ. அவர் டீ குடிக்காமல் தாண்டிய வீடு ஒன்று உண்டா என்று கேட்டால், ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

சாயங்காலம் குளித்துவிட்டு டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். அதே பாதிக் கண், அதே நாக்கு நுனி. கையில் கண்ட்ரோலர். விளையாட்டின் பெயர் ஹாலோ ஃபெரி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரம். ஒரு படகோட்டிப் பெண் அதன் ஒவ்வொரு மாடியாக ஏறிப் போகிறாள். ஓடலாம், குதிக்கலாம், உருளலாம். ஆனால் ஒரு அடி அடிக்க வேண்டுமென்றால் சீட்டுப் போட வேண்டும். துடுப்பால் அடிக்க ஒரு சீட்டு, விளக்கால் சுட ஒரு சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை எண். எதிரி நான்கு போடும்போது நீங்கள் ஆறு போட்டால் அவன் அடி முறிந்துவிடும். இதையெல்லாம் நண்டு துரத்தத் துரத்த ஓடிக்கொண்டே செய்ய வேண்டும். "ரம்மியும் வேணும், கபடியும் வேணும்" என்பது சித்தி கொடுக்கும் விளக்கம். இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில், சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா அங்கே பழைய சாமான் கடையில் ஒரு சின்ன விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தார். உள்ளே இந்த விளையாட்டின் பழைய வடிவம் இருந்தது. உள்ளங்கை அகலத் திரையில் கட்டெறும்பு அளவுப் படகோட்டி. சித்தி அதைக் கடைசிக் கதவு வரை கொண்டுபோனார். கதவைத் திறந்து எல்லாவற்றிலும் பெரிய கடைசி நண்டின் முன் நின்றபோது வலது பக்கப் பொத்தான் உடைந்துபோனது. தஞ்சாவூரில் மூன்று கடை ஏறினார். "இதுக்கெல்லாம் சாமான் வராதுங்க" என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தப் பெட்டி பதினாறு வருடமாகப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. போன வருடம் அதே விளையாட்டைப் பெரிய திரைக்குப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். சித்தப்பாவுக்குப் போன் போனது. "நகை வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த மிஷினு வேணும்."

புதிய வடிவத்தைச் சும்மா புகழ்கிற ஆள் இல்லை அவர். சுவரோரம் போனால் கேமரா முட்டிக்கொண்டு நிற்கிறது என்று திட்டுவார். படகோட்டிக்குக் கொடுத்த குரலைக் கேட்டால், "இவ என்னடி, மூக்கடைச்ச மாதிரி பேசுறா?" ஆனால் மூன்றாம் மாடியில் ஒரு கதவு உண்டு. பழையதில் அது திறக்கும்போது ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு கோணலாகத் திறக்கும், செய்தவர்களின் பிழை. புதியதிலும் அது கோணலாகவே திறந்தது. அன்று சித்தி கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். "திருத்தாம உட்டுருக்கான் பாரு. இந்தக் கதவ ஞாபகம் வச்சிருக்கவன் எவனோ ஒருத்தன் அங்க இருக்கான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நான் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் சீட்டுக்கட்டு அடுக்குவதில் ஒரு கிறுக்கு உண்டு. எல்லாரும் சின்ன எண் சீட்டுகளை விற்றுத் தள்ளுவார்கள். சித்தி விற்க மாட்டார். இரண்டு பெரிய சீட்டு, ஒரு ஒன்று. இரண்டு பெரிய சீட்டு, ஒரு ஒன்று. நான் அதற்கு ரேஷன் கட்டு என்று பெயர் வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நாலு வரி தவிர்க்க முடியாது. பதினோராம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் போதும் என்று விட்டுவிட்டோம். அதன் பிறகு சித்தி வீட்டிலேயே இருந்துகொண்டு சேட்டை செய்வேன். சித்தியின் போனுக்குக் காளைமாடு கத்தும் ஒலியை வைத்தது நான்தான். இரண்டு நாள் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் மாடெல்லாம் அவரையே திரும்பிப் பார்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. சித்தி அறுபத்திரண்டு மணி நேரம் ஆடிக் கடைசிக் கதவுக்கு வந்திருந்தார். கூடத்தில் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டில் ராஜாத்தி அக்கா மிக்ஸியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்றேன். சித்தி கத்துவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

கத்தல் வரவில்லை. கதவு திறந்து, இதுவரை ஆடியதை விளையாட்டுப் பெட்டி பதிந்துகொண்டிருந்த நேரம் அது. கட்டையைத் திரும்பச் செருகினேன். பெட்டி உயிர் பெற்றது. அறுபத்திரண்டு மணி நேரம் மட்டும் அதில் இல்லை.

சித்தி லைன்மேன் வீரையனுக்குப் போன் போட்டார். அதுவரைக்கும் அவர் வீரையண்ணன். அன்றுதான் அண்ணன் கழன்றது. "ஏன் வீரையன், வயரு மாட்டத் தெரியுது, நிறுத்தப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா?" வீரையன் நிறுத்தவே இல்லை. ஆனாலும் உச்சி வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, கம்பத்தில் ஏறி, எதையோ முறுக்கிவிட்டு இறங்கினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "கம்பத்துல ஜம்பரு வயரு லூசா இருந்திருக்கும் டாக்டரம்மா. நான்தான் பாத்திருக்கணும். மன்னிச்சிருங்க." நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "நல்லாருப்ப பாப்பா" என்றார். அந்தச் சொம்பை வாங்கி உள்ளே வைக்கப் போனவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

அந்த வாரமே வீரையன் வீட்டுப் பசு சினைக்குக் கத்தியது. சித்தி போனார், வேலையில் வஞ்சனை இல்லை. தேதி எழுதினார். வீரையனின் மனைவி டம்ளரோடு மொபெட் வரை ஓடி வந்தார். "வேணாம்." அவ்வளவுதான். தெருமுனையில் நின்ற நான், அந்த அம்மா ஆடை படிந்துபோன டீயைத் தெருவில் கொட்டாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

சித்தி விளையாட்டுப் பெட்டி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். "மறுபடி மொதல்லேர்ந்து என்னால ஏற முடியாதுடி." சாயங்காலங்களில் சும்மா உட்கார்ந்து மாட்டு டாக்டர்களின் வாட்ஸாப் குழுவைப் படித்தார்.

மறுநாளிலிருந்து, அவர் மொபெட் தெரு திரும்பியதும் நான் துண்டை எடுத்தேன். அதன் மடிப்பைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, அதேபோல் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு மாடியிலும் செத்தேன். நண்டுக்குஞ்சுகளே என்னைக் கொன்றன. கோணல் கதவு திறந்தபோது பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். இருபத்துமூன்றாம் நாள் கடைசிக் கதவு முன்னால் நின்றேன். சித்திக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாதென்று, ஆட்டத்தில் சேர்த்த காசையெல்லாம் போட்டுக் கட்டு முழுக்க ஒன்பதாக வாங்கி அடுக்கினேன்.

"சித்தி, ஒன் பழைய ஆட்டம் திரும்ப வந்துருச்சு! நெட்ல எங்கயோ இருந்துருக்கு, தானா எறங்கிருச்சு!"

கையில் சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே வந்து உட்கார்ந்தார். கதவைப் பார்த்ததும் முகம் பூத்தது. இடது கையால் கண்ட்ரோலரை எடுத்து, சண்டைக்கு முன்னால் சீட்டுக்கட்டைத் திறந்தார். ஒவ்வொரு சீட்டாக நகர்த்தினார். நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"இது யாரு அடுக்குனது?"

"நீதான் சித்தி."

"என் கட்டுல பதினாலு ஒன்னு இருந்துச்சு. ரெண்டு பெருசு சேந்தாப்ல போட்டா படகோட்டிக்கு மூச்சு வாங்கும், நின்னுருவா. அடிக்கிறதுக்கு இல்லடி அந்த ஒன்னு, அவ மூச்சு விடறதுக்கு." தட்டைத் தரையில் வைத்தார். "இதுல ஒன்னு ஒன்னுகூட இல்ல. எல்லாம் ஒம்போது. தப்புப் பண்ணவதான் இப்படி அடுக்குவா."

நான் டிவியைப் பார்த்தேன். சித்தி என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, பாதிக் கண் மூடி, நாக்கு நுனியை உதட்டோரத்தில் வைத்துக்கொண்டு எதையோ தேடினார்.

"அன்னைக்கி ராஜாத்தி வீட்டு மிக்ஸி நிக்கவே இல்லல்ல? அப்ப கரண்டு நம்ம வீட்டுல மட்டுந்தான் போயிருக்கு."

பக்கத்து வீட்டில் இப்போது மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

"எந்தக் கையால புடுங்குன?"

வலது கையைத் தூக்கினேன். சித்தி தன் போனில் எதையோ அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, அந்தக் கையில் வைத்து என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடித்துவிட்டார். ஒரே மணிதான் அடித்தது.

"டாக்டரம்மா, சொல்லுங்கம்மா. கரண்டு போயிருச்சுங்களா? இந்தா வந்துட்டேன்."