துண்டுக்கு அடியில் இரண்டு விரல்கள்

மீனின் கண்ணுக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று ஐந்து வருடமாக ஆராய்பவளை எங்கள் ஊர் செய்யூரில் யாரும் சும்மா விடுவார்களா? "மீனுக்குக் கண்ணாடி மாட்டப் போறியா?" என்று சித்தப்பா கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடுவை ஒருமுறை நீட்டியாகிவிட்டது, மறுமுறை கிடையாது. தவறினால் ஐந்து வருடமும் போச்சு.

திருவிடந்தைப் பக்கம் கடலோரப் பண்ணை ஒன்றில் வேலை. கொடுவா மீன்களை மூன்று விதமாகப் பிடித்து அளக்க வேண்டும்: கையால், வலைத்தொட்டிலில், கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கி. பேனா போன்ற கருவியால் கண்ணைப் பட்டும் படாமலும் தொட்டால் எண் காட்டும். கையால் பிடிக்க வந்தவர், பக்கத்துக் குப்பத்தில் பாதி வயதைக் கடலில் கழித்த மீனவ அண்ணன். மீன் மிரளாமலிருக்க, கண் மட்டும் தெரியும்படி ஈரத்துண்டு போர்த்த வேண்டும் என்பது நான் போட்ட சட்டம்.

கையால் பிடித்தபோதெல்லாம் அழுத்தம் எகிறியது. ஆய்வு வழிகாட்டி அம்மாவுக்கு மகா சந்தோஷம். மிரட்சியில்தான் ஏறுகிறது என்று நானும் அதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

கடைசி மீனில் துண்டு நழுவியது. அண்ணனின் இரண்டு விரல்கள் கண்குழிகளின் பின்விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தன.

"இன்னாண்ணா இது?"

"கண்ணுல புடிச்சாத்தான் மீனு துள்ளாதும்மா. எங்க ஆளுங்க அல்லாரும் இப்டித்தான் புடிப்பாங்க."

விரல்களை எடுக்கச் சொல்லி மறுபடி அளந்தேன். எண் சரிந்தது. நான் மாதக்கணக்காக அளந்தது மீனின் அழுத்தத்தை அல்ல, அவர் விரலின் அழுத்தத்தை.

சொன்னால் கெடு போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மூன்று நாள் ஆப்பசைத்த குரங்காக உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் அவரைத்தான் திட்டினேன். அந்தக் கையைத் துண்டு போட்டு மூடியது நான் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

நாலாம் நாள் அவரே வந்தார். "உன் மூஞ்சே சரியில்லம்மா. நான் புடிச்சதுதான் தப்புனு தெரிஞ்சிபோச்சி. யார்கிட்டயும் மூச்சு வுட மாட்டேன். நீ எழுதி முடிச்சிடு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவமானமாக இருந்தது. எனக்காகப் பொய் சொல்ல அந்த மனுஷர் தயாராக நிற்கிறார், பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுமில்லை.

வழிகாட்டிக்கு அங்கேயே போன் போட்டுச் சொன்னேன். "கெடுவை நான் நீட்ட முடியாதும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

துண்டைக் கொடியில் போட்டேன். கண் பக்கம் விரல் போகாமல் வயிற்றோடு ஏந்தச் சொன்னேன். பழகாத பிடி. மீன் துள்ளித் தரையில் விழுந்தது. அவர் அதைத் தொட்டியில் விட்டு, கையை உதறிக்கொண்டு கேட்டார்.

"இன்னும் எத்தினி மீனும்மா கீது?"

கெடுவுக்குப் பதினோரு நாள் இருந்தது.

"மொதல்லேர்ந்து எல்லாமேண்ணா" என்றேன்.