லோடிங் தொழிலாளியின் மனைவி

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். கல்யாணமான மறுவருஷம் வளைகுடா நாடு ஒன்றில் பைப் கம்பெனிக்கு மெஷின் பராமரிக்கப் போனார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சீக்கிரமே என்னையும் அழைத்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு.

போன கொஞ்ச நாளில் போன் வந்தது.

“வேலை பெர்மிட்ல லோடிங் தொழிலாளின்னு போட்டுட்டாக. கம்பெனிக்கு அந்த வேலைக்கான விசாதான் மிச்சம் இருந்துச்சாம். அந்தத் தொழில்ல இருக்கவுக பொண்டாட்டியக் கூட்டிட்டு வர முடியாதாம்.”

“நீங்க மெஷின்தானே பாக்கீக?”

“அது மெஷினுக்குத் தெரியும். கவர்மெண்டுக்குத் தெரியணும்ல.”

பெர்மிட்டில் தொழிலை மாற்ற, அவருடைய ஐ.டி.ஐ. சான்றிதழுக்குச் சென்னை, டெல்லி, தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். டூட்டி முடிந்து பஸ் ஏறி, ராஜபாளையத்து டிராவல்ஸுக்கு நான்தான் அலைந்தேன். சான்றிதழில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் மழைக்காலமே போய்விட்டது. அங்கே மேனேஜரும் இழுத்தடித்தார். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவேன் என்று இவர் சொன்ன பிறகுதான் டெக்னீஷியன் என்று மாற்றிக் கொடுத்தார்கள்.

எனக்கும் குடியிருப்பு விசா வந்தது. சம்பளமில்லாத விடுப்பு வாங்கிக்கொண்டு போனேன். அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பகல் முழுக்க ஒற்றை அறையில் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒருநாள் விசாரித்தேன். தனிப் பெர்மிட் வேண்டும், அதற்கு லைசென்ஸ் தேர்வு எழுத வேண்டும், பிறகு முதலாளி ஒருவர் என்னை வேலைக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்றாள் அங்கிருந்த மலையாளப் பெண்.

விடுப்பு முடியப் போகும்போது, “நான் போறேன்” என்றேன்.

“இதுக்கு எம்புட்டு அலைஞ்ச!”

“உங்ககூட இருக்கத்தான் அலைஞ்சேன். சும்மா இருக்க இல்ல.”

பிறகு அவரே அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினார்.

ஆறு மாதம் வெளியே இருந்தால் அந்த விசா செல்லாது. அந்த ஆறு மாதம் முடிந்த அன்று எனக்குக் காலை டூட்டி. அவர் கூப்பிட்டார்.

“இன்னியோட உன் விசா போச்சு. வருத்தமா?”

“வருத்தந்தான். பொறவு பேசுறேன், ரத்தம் எடுக்க ஆள் நிக்காக.”

ஒப்பந்தம் முடிந்ததும் அவர் திரும்பிவிட்டார். இப்போது சேத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை. ஏன் மறுபடி போகவில்லை என்று யாராவது கேட்டால், அங்கே வெயில் அதிகம் என்கிறார்.